வாழ்க்கை எதற்காக? பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு மாலைகளில் சில தமிழர்கள் உட்கார்ந்து, வாழ்க்கை எதற்காக என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஐ.டி.காரர்கள், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருகிறவர், பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த அம்மா, கல்லூரிப் பெண் என்று கலவையான கூட்டம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மாடியில் இருக்கிற மற்றவர்களைக் கேட்டால் பாதிக்கு மேல் மறுப்பார்கள்.

வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்று நான் நம்பவில்லை. என் பக்கத்தில் உட்காரும் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் நம்புகிறார். பிறவி என்பதே பழைய கணக்கைத் தீர்க்க வந்தது என்பார். எதிரே உட்காரும் இளைஞர், நாம் வந்தது தற்செயல், போவதும் அப்படியே, நடுவில் யாரையும் துன்புறுத்தாமல் இருந்தால் போதும் என்பார். பேரனுக்காக வந்த அம்மாவுக்கு இந்தப் பேச்சே வேடிக்கை. "கேஸை அணைச்சோமான்னு யோசிக்கவே நேரம் சரியாப் போகுது" என்பார். மூவரும் நல்ல மனிதர்கள்தான். மூவரில் யாருடைய பதிலையும் என்னால் தோற்கடிக்க முடிந்ததில்லை.

நம் முன்னோர்கள் இதற்கெல்லாம் எப்போதோ பதில் சொல்லிவிட்டார்களே?

சொன்னார்கள். ஆனால் ஒரே குரலில் சொல்லவில்லை. புறநானூற்றில் 182ஆம் பாட்டிலிருந்து 194 வரை ஒருமுறை சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஒரு மாலைக்குள் முடிந்துவிடும்.

182இல் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இந்த உலகம் இன்னும் இருக்கிறதென்றால் தமக்கென்று முயலாமல் பிறர்க்கென்று முயல்கிறவர்கள் இருப்பதால்தான் என்கிறான். இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும் தனியாக உட்கார்ந்து சாப்பிட மாட்டார்களாம் அவர்கள். 188இல் பாண்டியன் அறிவுடை நம்பி வேறு பக்கம் போகிறான். எத்தனை செல்வம் இருந்தென்ன, குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்களுக்கு வாழ்நாளில் பயனே இல்லை என்கிறான். அடுத்த பாட்டிலேயே நக்கீரர் வந்து, உலகை ஆளுகிறவனுக்கும் இரவு பகல் பாராமல் வேட்டைக்கு அலைகிறவனுக்கும் உண்பது நாழிதான், உடுப்பது இரண்டுதான், செல்வத்தின் பயன் கொடுப்பது என்கிறார். 191இல் பிசிராந்தையார், வயதாகியும் தனக்கு ஏன் நரைக்கவில்லை என்று காரணம் சொல்கிறார்: நற்குணமுள்ள மனைவி, அறிவு நிரம்பிய பிள்ளைகள், தான் நினைப்பதையே நினைக்கும் ஏவலர், தகாதது செய்யாத அரசன், இவற்றுக்கும் மேலாக ஊரில் சான்றோர் பலர். (ஏவலர் இல்லாத வீடுகளில் நரை சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது.)

அப்புறம் 193. எங்கள் கூட்டத்தில் அதிகம் பேசப்பட்ட பாட்டு இது. ஓரேருழவர் பாடியது. தோலை உரித்துப் பரப்பியது போன்ற வெளுத்த களர் நிலத்தில், வேட்டைக்காரன் துரத்தும் மானைப் போல ஓடித் தப்பித்துவிடலாம்தான். ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைக் கட்டிப்போடுகிறதே என்கிறார். வீட்டுக்கடன் தவணை கட்டுகிற ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இவர் எந்த கம்பெனியில் வேலை பார்த்தார்?" என்றார். 194இல் பக்குடுக்கை நன்கணியாருக்குக் கோபம். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டிவிட்டு, உலகம் கொடியதுதான், இதன் இயல்பு தெரிந்தவர்கள் இனியதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார்.

பிள்ளைகள் இல்லாவிட்டால் வாழ்க்கைக்குப் பயனில்லை என்ற பாட்டுக்கும், குடும்பம் காலைக் கட்டுகிறது என்ற பாட்டுக்கும் நடுவில் நான்கே பாடல்கள். தொகுத்தவர் யாரோ, இவற்றை இப்படி அருகருகே வைத்துவிட்டு, எது சரி என்று ஒரு வரிகூடச் சொல்லாமல் போய்விட்டார். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் எல்லாப் பதிலும் சரி என்கிறீர்களா?

இல்லை. 188ஆம் பாட்டை ஒரு ஞாயிறன்று உரக்கப் படித்தோம். குழந்தை இல்லாத தம்பதி ஒருவர் கூட்டத்தில் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா, "அப்போ நாங்க எதுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். யாருக்கும் பேச்சு வரவில்லை. பாட்டு அழகானது, சந்தேகமில்லை. குழந்தையின் குறும்பை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன பாட்டு தமிழிலேயே குறைவு. ஆனால் தன் மகிழ்ச்சியைச் சொல்ல வந்த ராஜா, போகிற போக்கில் அடுத்தவர் வாழ்க்கைக்கும் விலை போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து எந்தப் பதிலைக் கேட்டாலும் நான் ஒன்றைப் பார்க்கிறேன்: இதில் யாருக்கு இடமில்லாமல் போகிறது? சேவைதான் வாழ்க்கை என்றால், படுக்கையில் கிடந்து பிறர் சேவையைப் பெறுகிறவர் எங்கே போவார்? சான்றோர் நடுவில் வாழ்வதுதான் என்றால், கெட்ட ஊரில் மாட்டிக்கொண்டவர்? "எனக்கு இது" என்று சொல்லும்வரை எந்தப் பதிலோடும் எனக்குச் சண்டை இல்லை. "உனக்கும் இதுதான்" என்று தொடங்கும்போதுதான் தகராறு.

திருக்குறள் இருக்கும்போது வேறென்ன வேண்டும்?

எங்கள் மாடியிலிருந்து நடக்கிற தூரத்தில்தான், அல்சூர் ஏரிக்கரையில், வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார். 1991இல் வந்த சிலை. மொழிப் பிணக்கால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். மூன்றடிப் பாட்டுகளில் வாழ்க்கையைப் பற்றிப் பேசியவர் அவர். எப்படி வாழ்வது என்று சொன்ன இரண்டு பேரை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்க்காரர்களும் இத்தனை வருடம் மல்லுக்கு நின்றோம்.

குறளுக்கு வருவோம். அறம், பொருள், இன்பம் என்று மூன்று பால். வீடுபேற்றுக்குத் தனிப் பால் கிடையாது. அறத்துப்பாலிலேயே இல்லறமும் துறவறமும் அடுத்தடுத்து இருக்கின்றன. 34ஆம் அதிகாரத்தில் எதுவும் நிலையில்லை என்கிறவர், 76ஆம் அதிகாரத்தில் பணத்தைச் சேர் என்கிறார். அதனால் குறளை எடுத்துக்காட்டி வாதம் செய்ய வருகிறவர்களிடம், எதிர்வாதத்துக்கும் அதே புத்தகத்தில் குறள் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

வீடு வாங்கியாச்சு, கார் இருக்கு, ஆபீஸில் பதவியும் வந்தாச்சு. அப்புறம் ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒயிட்ஃபீல்டிலிருந்தும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கொண்டுவருகிறார்கள். நான் முதலில் கேட்பது, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள் என்பது. அமெரிக்காக்காரர்களோடு நள்ளிரவு வரை மீட்டிங், காலையில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஊர்ந்துகொண்டே ஆபீஸ் என்றால், தத்துவம் பேசுவதற்கு முன் நாலு நாள் தூங்கிப் பார்க்கலாம். கிண்டலாகச் சொல்லவில்லை. சிலருக்கு அதிலேயே பாதி சரியாகியிருக்கிறது.

மீதியை யோசித்துப் பார்த்தால், பிளஸ் டூ மதிப்பெண், இன்ஜினியரிங், கேம்பஸ் இன்டர்வியூ, ஆன்சைட், கல்யாணம், ஃபிளாட் என்று நமக்கு அடுத்த படி எது என்பதை எப்போதும் வேறு யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார், மேனேஜர் சொன்னார். நாற்பது வயதுக்குப் பக்கத்தில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் போகிறது. வேலையை மாற்றினால் சரியாகும் என்று மாற்றிப் பார்க்கிறார்கள். அதுவும் இன்னொரு படிதான் என்பதால், ஆறேழு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்கள்.

வேறு சிலருக்குச் செய்கிற வேலையே வீண் என்று தோன்றும். மாதக்கணக்கில் எழுதியதை ஒரு மீட்டிங்கில் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அவர்களுக்கு வேலை மாற்றம் உண்மையிலேயே உதவலாம்.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலம் வாங்கி இயற்கை விவசாயம் செய்யப் போகிறேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாராளமாக வாங்குங்கள். ஆனால் வெயிலில் நிற்கப் போவது நீங்களா, தினக்கூலிக்கு வருகிறவரா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவர் வாழ்க்கையின் அர்த்தம் தேடி அங்கே வருவதில்லை.

என் யோசனை சின்னது. வாரத்தில் ஒருநாளாவது உங்களுக்காக ஒருவர் காத்திருக்கும்படி ஒரு பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பதவி உயர்வோ பாராட்டோ கிடைக்கக் கூடாது. டயாலிசிஸுக்குப் போகும் பக்கத்து ஃபிளாட் பெரியவரைக் காரில் கொண்டுபோய் விடுவது, வாட்ச்மேன் பையனுக்குக் கணக்குச் சொல்லித்தருவது, இப்படி ஏதாவது. பலருக்கு இது பலித்திருக்கிறது. ஒருவருக்குச் சுத்தமாகப் பலிக்கவில்லை. "எனக்கு மனுஷங்களையே அவ்வளவா பிடிக்காது சார், நான் என்ன பண்ணட்டும்?" என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போய்விட்டார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆக, என் யோசனையிலும் அவருக்கு இடமில்லாமல்தான் இருந்தது.

"வாழ்வதில் என்ன இருக்கிறது" என்று தோன்றுவதும் "வாழவே வேண்டாம்" என்று தோன்றுவதும் ஒன்றா?

ஒன்றில்லை. இரண்டாவதை மாடிக்குக் கொண்டுவர வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போய், பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல், எல்லோருக்கும் பாரமாக இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தால், பெரும்பாலும் அது மனச்சோர்வு நோய். சிகிச்சை இருக்கிறது, குணமாகும். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, அவசரப் பிரிவும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் அப்படிச் சொன்னால் அறிவுரை சொல்லாமல், தத்துவம் பேசாமல், தனியாக விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். நோயில் இருப்பவரிடம் வாழ்க்கையின் பெருமையை விளக்குவது கொடுமை.

ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தோம். பேரனும் பள்ளிக்குப் போய்விட்டான். "இனிமே நான் எதுக்கு இங்க?" என்கிறார். என்ன சொல்வது?

எதுவும் சொல்லாதீர்கள், முதலில் கேளுங்கள். இந்த அம்மாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ ஒரு வீட்டையே நடத்தியவர்கள். சீட்டு யாருக்குப் போட வேண்டும், பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன மொய், எந்த மாதம் வடகம் பிழிவது, யாரோடு பேச்சை நிறுத்துவது என்று நாள் முழுக்க முடிவெடுத்துக்கொண்டே இருந்தவர்கள். சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் பன்னிரண்டாவது மாடியில் அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. குழம்பு வைக்கிறார், துணி மடிக்கிறார், குழந்தையை வேனில் ஏற்றிவிடுகிறார். ஆனால் ஒரு முடிவும் அவர் கையில் இல்லை. குழம்பு என்ன குழம்பு என்பதைக்கூட மருமகள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுகிறார். "அம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று மகன் சொல்வதை, "உங்கள் முடிவு எங்களுக்குத் தேவையில்லை" என்றுதான் அவர் கேட்டுக்கொள்கிறார்.

பொழுதுபோக்கு வாங்கித் தருவதால் இது தீராது. டேப்லெட்டில் சீரியல் போட்டுக் கொடுத்துவிட்டு, அம்மா ஏன் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று வியக்கிறார்கள். வீட்டில் ஒரு பகுதியின் அதிகாரத்தை உண்மையாகவே அவரிடம் கொடுங்கள். மளிகைப் பணம் முழுவதும் அவர் கையில் இருக்கட்டும். கொஞ்சம் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும்.

இன்னொன்று, வெளியே போக வழி. கன்னடம் தெரியாது, ஆட்டோக்காரரோடு பேரம் பேசத் தெரியாது, ஒவ்வொரு தடவையும் மகனைக் கேட்க வேண்டும் என்பதே பாதிச் சிறை. கர்நாடகத்தில் 2023 ஜூன் மாதத்திலிருந்து சக்தி திட்டத்தில் பெண்களுக்கு அரசு சாதாரணப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. அதற்குக் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். எங்கள் கூட்டத்து அம்மா ஒருவர் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொண்டு, கண்டக்டரிடம் அட்டையைக் காட்டித் தனியாகவே அல்சூர் சோமேஸ்வரர் கோயிலுக்கு வரத் தொடங்கினார். கோயிலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் பழக்கமானார்கள். அவர்களில் ஒருவருடைய மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார். "எதுக்கு இங்க" என்ற பேச்சு அதற்கப்புறம் எழவில்லை. ஆதாரில் ஊர் முகவரியை மாற்றும்போது மட்டும் அழுதாராம். அதையும் சொல்ல வேண்டும்.

செய்யும் வேலைதான் வாழ்க்கை என்று வாழ்கிறேன். இதில் தவறென்ன?

தவறில்லை. இந்த மண்ணில் அதற்குப் பெரிய மரபே இருக்கிறது. உழைப்பே கைலாசம் என்ற பொருளில் "காயகவே கைலாச" என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னடக் கவி பசவண்ணர் வழியில் வந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். கர்நாடகச் சட்டமன்றம் இருக்கும் விதான சௌதாவின் நெற்றியில்கூட அரசுப் பணி ஆண்டவன் பணி என்று எழுதியிருக்கிறது. (உள்ளே ஒரு கோப்பு நகர்வதற்காகக் காத்திருந்தவர்கள், ஆண்டவன் மெதுவாகத்தான் வேலை செய்வான் போலும் என்று நினைத்திருப்பார்கள்.)

ஆனால் வேலையை யாராவது எடுத்துக்கொண்டால்? தங்கவயல்காரர்களைக் கேளுங்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தச் சுரங்கத்தில் இறங்கினார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம். பாறை வெடிப்பில் செத்தார்கள், கல் தூசி நுரையீரலில் படிந்து செத்தார்கள். ஆனாலும் சுரங்கம் அவர்களுக்குக் கூலி தரும் இடம் மட்டுமாக இருக்கவில்லை. ஷிப்டுக்குச் சங்கு ஊதினால் ஊர் எழும். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஊரும், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் மேடுகளும் அப்படியே நிற்கின்றன. வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. இன்றைக்கும் மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

எங்கள் கூட்டத்துக்கு வரும் தங்கவயல்காரர், சுரங்கம் மூடியபோது தன் அப்பா எப்படி இருந்தார் என்று ஒருநாள் சொன்னார். பணத்துக்காக அவர் அவ்வளவு வருந்தவில்லையாம். காலையில் எழுந்து, குளித்து, போக இடமில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பாராம். "நான் யாருன்னே தெரியலடா" என்று மகனிடம் சொன்னாராம். அதே தெருவில் இன்னொருவர், சுரங்கத்தில் வேலை பார்த்தபடியே வாலிபர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தவர். அவர் மறுநாளும் மைதானத்துக்குப் போனார். அவர் உயர்ந்தவர், இவர் தாழ்ந்தவர் என்று இதிலிருந்து முடிவு கட்ட நான் தயாரில்லை. மகன் இன்னொன்றும் சொன்னார்: "அந்தக் கால்பந்து மாஸ்டருக்கு மூணு அண்ணன் தம்பிங்க பணம் அனுப்பினாங்க. எங்கப்பாவுக்கு யாரு அனுப்பினா?" மாடியில் தத்துவம் பேசும் எங்கள் எல்லோரையும் அந்த வாக்கியம் கொஞ்ச நேரம் வாயடைக்க வைத்தது. சம்பளத்தை மறந்துவிட்டு அர்த்தத்தைப் பேசுவது சுலபம்.

வீட்டில் அப்பா பக்திமான், நான் நாத்திகன். சாப்பாட்டு மேசையே போர்க்களமாக இருக்கிறது. என்ன செய்ய?

முதலில், இரண்டே கட்சி என்று நினைப்பதை விடுங்கள். சிவாஜிநகர் பசிலிக்காவுக்குச் செப்டம்பர் 8ஆம் தேதி மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள். காவிச் சேலை கட்டி நேர்த்திக்கடன் செலுத்தும் தமிழ்ப் பெண்களில் இந்துக்களும் உண்டு. தங்கவயல் பக்கம் போனால் தமிழ்ப் பௌத்தம் என்று ஒன்று இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்தது. கடவுளை வைத்து வாழ்க்கைக்கு விளக்கம் சொல்லாமல், சடங்கும் சங்கமும் வைத்துக்கொண்டு, சாதியை மறுத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். அவர்களை உங்கள் அப்பா கட்சியில் சேர்ப்பீர்களா, உங்கள் கட்சியிலா?

தலைமை ஆசிரியர் சொன்ன பழைய கணக்கு பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தன் துன்பத்தைத் தாங்க ஒருவர் வினைப்பயன் என்று எண்ணிக்கொண்டால், அதைப் பிடுங்க எனக்கு உரிமையில்லை. ஆனால் அதே விளக்கத்தை வைத்து, தாழ்ந்த சாதியில் பிறந்தது உன் வினை என்று இன்னொருவரிடம் காலங்காலமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாரிக்குப்பத்துத் தொழிலாளிகள் பௌத்தத்தைத் தேடிப் போனதற்கு அதுவும் காரணம். இதைச் சொன்னபோது தலைமை ஆசிரியர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்து, வினை என்பதை ஒருவர் தன்னைப் பற்றி மட்டும்தான் பேசலாம், பிறரைப் பற்றிப் பேசக் கூடாது என்றார். எனக்கு அது போதுமானதாகப் பட்டது. தங்கவயல்காரருக்குப் போதவில்லை. விவாதம் இன்னும் நடக்கிறது.

உங்கள் வீட்டுக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் சண்டை கடவுளைப் பற்றியதாக இருப்பதில்லை. அப்பா கோயிலுக்குப் போகும்போது கார் ஓட்ட ஆள் வேண்டும், மகன் மாட்டேன் என்கிறார், அவ்வளவுதான். காரை ஓட்டுங்கள். வெளியே நின்று டீ குடியுங்கள். அவர் திருநீற்றை நீட்டினால் என்ன செய்வது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ரமணர் "நான் யார்?" என்று கேட்கச் சொன்னாரே, அதோடு எல்லாம் முடிந்துவிடாதா?

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர்கள் எங்களிலும் உண்டு. ரமணரின் வழி நேர்மையானது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் மலையில் போய்க் கேட்ட கேள்விகளுக்குத் தந்த பதில்களில், கேட்கிறவன் யார் என்று பார் என்று கேள்வியையே திருப்பிவிடுகிறார். அப்படிப் பார்த்து அமைதியானவர்களை நான் அறிவேன். கரண்ட் பில் கட்டியாச்சா என்று மனைவி கேட்கும்போதும் "கேட்பது யார்?" என்று தொடங்குகிறவர்களையும் அறிவேன். இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க மனைவியை விசாரித்தால் போதும்.

மேலை நாட்டுத் தத்துவக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

அவர்களும் ஒத்துப்போவதில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு 1942இல், பாறையை மலைமேல் உருட்டிக்கொண்டே இருக்கும்படி சபிக்கப்பட்ட சிசிபஸை மகிழ்ச்சியானவனாகவே எண்ணிக்கொள்ள வேண்டும் என்றார். நாஜி வதைமுகாமிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் 1946இல், எந்தத் துன்பத்திலும் அர்த்தம் காண முடியும் என்றார். எங்கள் கல்லூரிப் பெண்ணுக்குக் காம்யு பிடிக்கும். எனக்கு ஃபிராங்க்ல் மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த முகாமில் இருந்ததால் அவர் அதைச் சொல்லலாம், ஏ.சி. அறையில் ஊழியர்களுக்கு வகுப்பெடுக்கிறவர் அதையே சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

கன்னட நண்பர்கள் இதைப் பற்றிப் பேசும்போது எதைச் சொல்வார்கள்?

கன்னடக் கவிஞர் டி.வி.ஜி.யின் மங்குதிம்மன கக்க என்ற நூலை. 1943இல் வந்தது, 945 நாலடிப் பாட்டுகள். மலையடியில் புல்லாக இரு, வீட்டுக்கு மல்லிகையாக இரு, விதி துன்பமழை பொழிந்தால் கல்லாக இரு, எளியவர்க்கு வெல்லமும் சர்க்கரையுமாக இரு, எல்லோரோடும் ஒன்றாகிவிடு என்று ஒரு பாட்டு. பெங்களூரில் வளர்ந்த கன்னடர்கள் பலருக்கு மனப்பாடம். பக்கத்து வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், மகிழ்ந்துபோவார். பதிலுக்கு நீங்கள் 194ஐச் சொல்லலாம்.

ஆறு வயது மகள் "நாம எல்லாம் எதுக்குப் பொறந்தோம்?" என்று கேட்கிறாள். என்ன சொல்ல?

"நீ என்ன நினைக்கிற?" என்று கேளுங்கள். பெரும்பாலும் அவளிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். யாராவது இறந்துபோன பிறகு கேட்டால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. அப்போது அவள் கேட்பது, நீங்களும் போய்விடுவீர்களா என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்து, நாளைக்குக் காலையில் யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்கள் என்பது உட்பட நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் சொந்தப் பதில் என்ன? கடைசிவரை நழுவிக்கொண்டே இருக்கிறீர்கள்.

எனக்கு 182க்கும் 194க்கும் நடுவில் எங்கேயோ இடம். உலகம் அநியாயமானது என்பதில் நன்கணியார் கட்சி. அதில் ஒருவரோடொருவர் பகிர்ந்து சாப்பிடுவது நல்லது என்பதில் இளம்பெருவழுதி கட்சி. இதற்குமேல் பெரிய கொள்கை இல்லை. அடுத்த வருடம் மாறலாம். அறுவை சிகிச்சை ஒன்றுக்குப் போய்விட்டு வந்த நண்பர், முன்பு சொன்னதையெல்லாம் தலைகீழாக மாற்றிக்கொண்டார். அவரை யாரும் கேலி செய்யவில்லை.

கூட்டத்துக்கு வர விதிமுறை ஏதாவது உண்டா?

வாட்ஸ்அப்பில் வந்ததைப் படிக்கக் கூடாது. குருவின் புகழ், கட்சிப் பேச்சு, இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் கூடாது. ஒருவர் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லும்போது இன்னொருவர் தீர்வு சொல்ல வேண்டுமென்றால், முதலில் "சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதியை அடிக்கடி மீறுகிறவன் நான்தான் என்று புகார் இருக்கிறது.

என் மகள் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது, பாதி இங்கிலீஷ் கலந்துதான் வரும். வரலாமா?

அழைத்து வாருங்கள். எங்கள் கல்லூரிப் பெண்ணும் அப்படித்தான். புறநானூற்றை அவளுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள், அவள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாள். 193ஐக் கேட்டுவிட்டு, மானைத் துரத்துகிறவனுடைய வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்களே, அவன் பாட்டு எங்கே என்று கேட்டவள் அவள்தான். இதுவரை யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. படியேற முடியாதவர்கள் இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள், அன்றைக்குக் கீழே முன்னறையிலேயே உட்கார்ந்துகொள்வோம்.